கடைசி வண்டி

"கொடி எங்க சார்?" என்றார் கொடிக்காரர்.

காருக்குள் இவன் மனைவியைப் பார்த்தான். அவள் பின்சீட்டைத் துழாவினாள். இல்லை.

மலையைச் சுற்றி வருகிற பாதையில் பாதி, மழையில் சரிந்து போயிருந்தது. மிச்சம் ஒற்றை வண்டி போகிற அகலம்தான். செல்போன் எடுக்காத இடம். ஒரு பக்கத்து வண்டிகள் வந்து முடிந்தால்தான் மறுபக்கத்துக்கு வழி. கடைசி வண்டியில் சிவப்புக் கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். அது வந்து சேரும்வரை இந்தப் பக்கம் ஈ காக்கைகூட நகர முடியாது.

அந்தக் கொடியை இவன் கையில்தான் கொடுத்தார்கள். எங்கேயும் நிற்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஆனால் வந்த நாள் முதல் மேகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த மலை, ஒரே ஒரு வளைவு பாக்கி இருக்கும்போது சட்டென்று திறந்துவிட்டது. உலகமே வந்து பார்க்கிற மலை. நிற்காமல் எப்படி? மனைவி கொடியைக் கற்குவியலில் நட்டுவைத்து, பக்கத்தில் நின்று சிரித்தாள். படம் எடுத்தான்.

கொடி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

"நாங்கதாங்க கடைசி. சத்தியமா பின்னால யாரும் இல்ல."

"போன மாசம் ஒருத்தரும் இப்படித்தான் சத்தியம் பண்ணாரு. நம்பித் திறந்தேன். ரெண்டு வண்டி பள்ளத்துல கிடக்கு."

தடுப்புக்கு அந்தப் பக்கம், வரிசையில் முதலில் நின்றது ஆம்புலன்ஸ். டிரைவர் தலையை வெளியே நீட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"சின்னப் பொண்ணுய்யா, மூச்சு இழுத்துக்கிட்டு கிடக்கு! உனக்கென்ன நெஞ்சா, கருங்கல்லா?"

கொடிக்காரர் திரும்பவே இல்லை. தடுப்புக் கம்பை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். மனிதர் முன்கோபி போல என்று இவன் நினைத்தான்.

காரைத் திருப்ப இடமில்லை. ஓரங்கட்டிவிட்டு ஓடினான்.

காலடியில் கற்கள் உருண்டு பள்ளத்தில் விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. எதிரே மலை முழுசாக நின்றது. அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. கொடியைப் பிடுங்கிக்கொண்டு, நாக்குத் தள்ள ஓடிவந்து நீட்டினான்.

கம்பு மேலே போனது.

ஆம்புலன்ஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கொடிக்காரரைத் தாண்டும்போது பக்கவாட்டுக் கண்ணாடி திறந்து, உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டது.

"வீட்டுச் சாவி, இந்தாங்க. மக கண்ணைத் தொறந்தா சொல்லி அனுப்புறேன்."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வண்டிக்குக் கொடியை அசைத்தார்.