லாம்பேரின் கடைசி மேசை

‘1771, அக்டோபர் 8, செவ்வாய். இன்றைய தவறு: ஒரு சூப் கிண்ணம் போதும் என்றிருக்க, இரண்டை வெளியே விட்டுவைத்தேன்.’

பட்டறைக் குறிப்பேட்டில் நிக்கோல் இப்படி எழுதியது பிற்பாடு. அன்று மதியம், தச்சர் சங்கத்து ஆய்வாளர் கர்னியே அந்த இரண்டாவது கிண்ணத்தைக் குனிந்து முகர்ந்தபோது, அவளுக்கு மூச்சு விடுவதே மறந்துபோயிருந்தது.

"ஆவி பறக்குதே. இது யாருக்கும்மா?"

"என் வீட்டுக்காரருக்குங்க. அவர் போனதுலேருந்து தினமும் இப்படித்தான். கை தானா ரெண்டாவதையும் எடுத்து ஊத்திடுது."

கர்னியே கரண்டியை விட்டுக் கிளறினார். "செத்தவன் பாதி குடிச்சிருக்கானே?"

"வீணாக்க மனசு வராதுங்க. நான்தான் குடிச்சேன்."

கூட வந்திருந்த சங்கத்து மூத்த ஆய்வாளர், கிழவர் பெலூ, கைக்குட்டையைத் தேடி எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "விடுய்யா கர்னியே. லாம்பேரை அடக்கம் பண்ணி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல. அவன் பெட்டிக்கு நானே தோள் குடுத்தேன். ஒல்லிக்குச்சி மாதிரி இருந்தவன், அன்னைக்கு என்னா கனம் கனத்தான். இந்தத் தோள் இன்னமும் வலிக்குது."

"ஓக் பலகைங்க ஐயா" என்றாள் நிக்கோல். "தன் பெட்டியை அவரே செஞ்சு வச்சிருந்தார்."

"நல்ல வேலைக்காரன்" என்றார் பெலூ.

கர்னியே அதற்குள் பட்டறைப் பக்கம் போய்விட்டார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நடுவில் ஒரு எழுதுமேசை நின்றது. அதன் மேற்பரப்பு முழுக்க, காகிதம்போல் சீவிய பல நிற மரத்துண்டுகளைப் பூவும் இலையுமாக அறுத்துப் பதித்திருந்தார்கள்.

"இது லாம்பேர் அறுத்த பூ" என்றார் கர்னியே. "இதழ் நுனியை இப்படி மடிக்கிறதுக்கு பாரீஸ்ல வேற ஆள் கிடையாது."

"ஆமாங்க. சாகறதுக்கு முன்னாடி நிறைய அறுத்து வச்சிட்டுப் போனார். நாங்க ஒட்ட மட்டும் செய்யறோம்."

"எத்தனை பூம்மா அறுத்தான்? ‘லாம்பேரின் கடைசி மேசை’ன்னு சொல்லி வியாபாரிங்க இதுவரைக்கும் ஆறு மேசை வித்துட்டாங்க. உயிரோட இருந்தப்போ அவனைச் சீண்ட ஆள் இல்ல. செத்ததும் ரெட்டை விலை."

கர்னியே நெருங்கி வந்தார்.

"சுத்தி வளைக்காம சொல்றேன். மாடியில ஆம்பளைச் செருமல் கேக்குதுன்னு தெருவே பேசுது. நீ விதவையா இருக்கிற வரைக்கும்தான் உன் புருஷன் பேர் முத்திரையை அடிக்கலாம். எவனையோ ரகசியமா வச்சுக்கிட்டு, அவன் செய்யறதுல லாம்பேர் பேரை அடிச்சேன்னா, முத்திரையும் போகும், பட்டறையும் போகும். புரியுதா?"

"என் புருஷனைத் தவிர இந்த வீட்டுல வேற எவனுக்கும் நான் சூப் ஊத்தினதில்லைங்க. சிலுவையைத் தொட்டுச் சொல்லவா?"

"மொதல்ல மாடியைக் காட்டு."

மாடியில் ஒரு கட்டில். ஒரு தலையணை. சுவரோரமாகப் பெரிய துணி அலமாரி. கர்னியே கட்டிலுக்கடியில் மண்டியிட்டுப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, தொங்கிய கோட்டுகளை விலக்கி, பின்பலகையை விரல் முட்டியால் தட்டினார்.

நிக்கோல் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"செத்தவன் சட்டைப்பையிலயாவது தேடாம விடுய்யா" என்றார் படியில் நின்ற பெலூ. "ஒரு பொம்பளை அழுதுக்கிட்டு இருக்கா. உனக்கு வெக்கமா இல்ல?"

கர்னியே முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினார். கீழே பெலூவே மேசையைக் கவிழ்த்து, அடிச்சட்டத்தில் சங்கத்தின் தரமுத்திரையை ஓங்கி அடித்தார். "தைரியமா இரும்மா" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

நிக்கோல் கதவைத் தாழிட்டாள். படிகளில் ஓடி ஏறி அலமாரியைத் திறந்தாள். பின்பலகை தானாகவே ஒரு பக்கம் நகர்ந்தது. தலையெல்லாம் மரத்தூளோடு ஒருவன் வெளியே வந்து சோம்பல் முறித்தான்.

"எவனையோ வச்சிருக்கியாமே?" என்றான்.

"சிரிக்காத. இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தா நாம தெருவுலதான்."

"தட்டட்டும். அந்தப் பலகை ‘டொக்’குன்னு சத்தம் போடாது. செஞ்சது யாரு?"

"பெருமையைக் குப்பையில போடு. செருமித் தொலைச்சது நீதானே? எனக்கு இதெல்லாம் சரியா வருமான்னே தெரியல. பொய் சொல்லும்போது காது சிவந்துடுது."

அவன் கீழே போய் ஆறிப்போன சூப்பை நின்றபடியே குடித்து முடித்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டு, மேசையைத் தூக்கி நிறுத்தி, ஒரு பூவின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"அடுத்த கடைசி மேசையை வியாழக்கிழமை ஆரம்பிப்போம்" என்றான்.

"ஏன், நாளைக்கு என்ன?"

"நாளைக்குக் காலையில கோயில்ல எனக்கு வருஷப் பூசை. மறக்காம அழு."