நலம் விசாரிக்க வந்தவர்

கையில் அடிபட்டவர் யாரென்று வார்டு வாசலில் கேட்டுக்கொண்டு வந்த தொழிற்சாலை மேலாளர், ஜன்னலோரக் கட்டிலில் வலது கை முழுக்கக் கட்டுடன் படுத்திருந்தவரிடம் பழப்பையை நீட்டினார்.

“நீ என் தம்பி மாதிரிய்யா. விஷயம் கேட்டதும் எனக்குச் சோறே இறங்கல.”

அவர் பையை இடது கையால் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு விசாரிக்க வருவாங்க. வீட்டுல அடிபட்டதுன்னு சொல்லிடு. ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கறோம்.”

“மெஷின்ல அடிபட்டதுன்னு சொன்னா?”

“நஷ்டஈடு, கேஸுன்னு இழுத்துக்கிட்டே போகும்.”

“அந்த மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி கிடையாதா சார்?”

தெரியாதவன் மாதிரி கேட்கிறானே, மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போலும் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

“வேலை வேகமா ஓடணும்னு நான்தானே கழட்டச் சொன்னேன்? அதெல்லாம் வெளிய வரக் கூடாது.”

“மூடி இருந்திருந்தா கை தப்பிச்சிருக்குமா?”

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “தப்பிச்சிருக்கும். இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது?”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான். நான் எங்க வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்தவன் சார். உங்க ஆளு பக்கத்துக் கட்டில்ல இருக்காரு.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவருடைய வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அந்த முகத்தை எங்கேயும் பார்த்ததாக மேலாளருக்கு நினைவில்லை.

“அண்ணே, இவர் சொன்னதை அப்படியே விசாரணையில சொல்வீங்களா?” என்று கையிழந்தவர் ஜன்னலோரத்துக்காரரிடம் கேட்டார்.

“எனக்குக் கைதான் தம்பி உடைஞ்சிருக்கு. வாய் நல்லாத்தான் இருக்கு.”