காதைத் தடவிப் பார்த்தவள்

“அம்மா, கேளுங்கோ. பாரசீக ராசா தன்ர தம்பி பர்தியாவை இரகசியமாய்க் கொன்றுபோட்டான். பிறகு வேறொருத்தன் ‘நான்தான் பர்தியா’ எண்டு சிம்மாசனம் ஏறீட்டான்.” மாலை வகுப்புக் கொப்பியைப் பார்த்து அவன் வாசித்தான்.

“ஒருத்தருக்கும் தெரியேல்லையோ?” மீன் வெட்டிக்கொண்டே சிவயோகம் கேட்டாள்.

“அவன்ர அரசி, அவன் நித்திரையில இருக்கேக்க தடவிப் பார்த்தாளாம். காது அறுபட்டிருந்தது; உண்மையான பர்தியாவுக்கு அப்பிடி இல்லை. அதோட பிடிபட்டுச் செத்தான்.”

“விசர்ப் பெட்டை. பேசாமல் இருந்திருக்கலாம்.”

கதவு தட்டப்பட்டது. போர்க்காலக் கொழும்பில், வெள்ளவத்தைத் தமிழர் வீடுகளுக்கு அது புதிதல்ல. பொலிஸ்காரர் இருவர். ஒருவர் படமொன்றை நீட்டினார்.

“வவுனியாவில செத்த பொடியன். பொக்கெட்டில குகதாசன் எண்டு பேர், இந்த வீட்டு அட்ரஸ். உங்க மகனா?”

சிவயோகம் படத்தைப் பார்த்தாள். வலது காது மடலில் பழைய வெட்டுத் தழும்பு.

“இல்லை. என்ர மகன் குகதாசன் இந்தா படிச்சுக்கொண்டிருக்கிறான்.”

அவன் அடையாள அட்டையைக் கொடுத்தான். பொலிஸ்காரர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப ஆள் இல்லாத பிரேதம். நாளைக்குப் புதைச்சிருவாங்க.”

“சரி ஐயா.”

அவர்கள் படியிறங்கியதும் அவன் அவளருகே வந்தான்.

“மாமி... அது மச்சானோ?”

அவள் அண்ணன் மகன் அவன். கிளிநொச்சியில் வீட்டோடு அவன் அட்டையும் எரிந்த பிறகு, குகதாசன் விட்டுவிட்டுப் போன அட்டையில்தான், முகச்சாயலை நம்பி, எட்டு மாதமாக வாழ்கிறான்.

“அம்மா எண்டு கூப்பிடு.”

சிவயோகம் அடுப்பை மூட்டினாள்.

“மாமி, செத்த வீட்டில மீன் சமைக்கிறதோ...”

“பக்கத்து வீட்டுச் சனம் எல்லாம் கேட்டிருக்கும். அதுகளுக்கு மீன் பொரிக்கிற மணம் போகவேணும்.”