ஏழஞ்சு முப்பத்தஞ்சு

"மகிமாவை எடுத்துக்கங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர் சொர்ணலதா.

உடற்கல்வி ஆசிரியர் பொன்னுராஜ் மதிப்பெண் தாளை மறுபடி பார்த்தார். கல்லூரி ரைபிள் அணியில் இருந்தது ஒரே இடம். சுட வந்தவர்கள் நான்கு பேர். ஐம்பதுக்குத் திரிஷா நாற்பத்து நான்கு. மகிமா முப்பத்தைந்து. அவள்தான் கடைசி.

பின்னால் மாணவிகள் முணுமுணுத்தார்கள்.

"மகிமா அனுமந்தன்பட்டிதானடி?"

"இன்ஸ்பெக்டரும் அதே ஊருதான். ஊர்ப்பாசம் பொங்குது."

மகிமா தலை தூக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அணியில் இடம் இல்லையென்றால் இந்த வருடத்தோடு படிப்பு நின்றுவிடும்.

பொன்னுராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நீ இந்தக் காலேஜுக்குத் தங்க மெடல் வாங்கிக் குடுத்தவ. நியாயமா இருப்பேன்னுதான் நடுவரா கூப்பிட்டேன். நீயே இப்படிப் பண்ணலாமா?"

சொர்ணலதா மகிமாவின் இலக்கு அட்டையை நீட்டினார்.

"நல்லாப் பாருங்க சார்."

"பாத்தாச்சும்மா. எல்லாம் இடது பக்கம், ஏழாம் வளையம். ஏழஞ்சு முப்பத்தஞ்சு."

"கூட்டல் சரிதான். அஞ்சு குண்டுக்கு எத்தனை ஓட்டை இருக்கு?"

பொன்னுராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒரே ஒரு ஓட்டை. கொஞ்சம் பெரியது.

"கை நடுங்குனா அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு சிதறும். அஞ்சும் ஒரே எடத்துல விழுந்திருக்குன்னா கை அசையவே இல்ல. குறி பாக்குற சைட்டுதான் தப்பு."

சொர்ணலதா மகிமாவிடம் திரும்பினார்.

"டீக்கு முன்னால பழகச் சுட்டியே, அது எங்கன விழுந்துச்சு?"

"நடுவுல மேடம்."

சொர்ணலதா அவள் துப்பாக்கியை வாங்கி, சைட்டின் திருகைத் திருப்பிச் சரிசெய்தார்.

"இப்பச் சுடு."

மகிமா ஐந்து குண்டும் சுட்டாள். நாற்பத்தெட்டு.

முணுமுணுப்பு நின்றுவிட்டது. திரிஷா மட்டும் குனிந்து ஷூ லேசை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னுராஜுக்கு முகம் சிவந்தது. "டீ குடிக்கப் போன நேரத்துல எவளோ திருகி வச்சிருக்கா! யாரது? மரியாதையா முன்னால வா!"

"விடுங்க சார். தானா வந்து சொல்லட்டும்."

அவர் மூச்சு வாங்கினார். "இத்தனை வருசமா அட்டையப் பாக்குறேன், எனக்குத் தெரியல. நீ எப்படிம்மா பாத்த ஒடனே கண்டுபிடிச்ச?"

"நாங்க படிக்கும்போது பல்கலைக்கழகப் போட்டி நடந்துச்சே. அதுல நம்ம ராஜாத்தி அட்டையும் இதே மாதிரிதான் சார் இருந்துச்சு."

பொன்னுராஜ் யோசித்தார்.

"ஆமா... உன்னவிட நல்லாச் சுடுற பிள்ள. அன்னைக்குப் பயந்து கோட்டை விட்டுட்டான்னு எல்லார் முன்னாலயும் திட்டுனேன். அதோட துப்பாக்கியவே தொடல. இப்பக் கம்பத்துல திராட்சைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறா."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது.

"அப்ப அவளுதையும் எவளோ திருகியிருக்கா! ஒரு பிள்ள வாழ்க்கையவே கெடுத்தவ வெளங்குவாளா?"

சொர்ணலதா தொப்பியைக் கழற்றினார்.

"வெளங்கிட்டா சார். இன்ஸ்பெக்டராவே ஆயிட்டா."