மிதிக்காத பிரேக்

கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் மதிய வெயில், பட்டறையில் தூக்கி நிறுத்திய காரின் சுழலும் சக்கரங்களில் பட்டுச் சிதறுகிறது. ஓட்டுநர் இருக்கையில் அந்தக் காரைத் தயாரித்த கம்பெனியின் தலைமைப் பொறியாளர். இதே மாதிரிக் காரில் விபத்தில் செத்தவன் பிரேக்கையே மிதிக்கவில்லை என்று, காரின் பதிவை வைத்து, அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். கீழே மடிக்கணினியோடு செத்தவனின் தங்கை. புளூடூத் வழியாகக் காருக்குள் புகுந்து பிரேக்கின் கட்டளையை மறிக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது. "மிதிங்க சார்." மிதிக்கிறார். சக்கரம் நிற்கவில்லை. "இன்னும் நல்லா." இரண்டு காலையும் ஊன்றி மிதிக்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, மூக்குக்கண்ணாடி வழுக்குகிறது. "போதும்மா, நிறுத்து!" "எங்கண்ணனும் இப்படித்தான் சார் மிதிச்சிருப்பான்." அவள் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். கார் தானே எழுதிக்கொண்ட பதிவு அதில் ஒளிர்கிறது: பிரேக் மிதிக்கப்படவில்லை. அவள் பேனாவை நீட்டுகிறாள். "கார் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? இதுக்கும் கையெழுத்துப் போடுங்க சார்."