மகாகனி கிடார்

"உடம்பு மொத்தமா போயிடுச்சும்மா. கழுத்துக்கு மேல மட்டும் ஒண்ணும் ஆவல" என்றார் சவுரிராயன்.

ஷமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருகிற வெள்ளிக்கிழமை கணவன் இர்பான் துபாயிலிருந்து வருகிறான், அதற்குள் எப்படியாவது சரிபண்ணிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

சவுரிராயன் டாக்டர் இல்லை. திண்டிவனத்தில் கதவு, ஜன்னல் செய்கிற தச்சர். அவர் முன்னால் பட்டறை மேசையில் கிடந்தது இர்பானின் எலெக்ட்ரிக் கிடார்.

துபாய் போன புதிதில் இர்பான் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. அதற்குப் பிறகு சம்பாதித்ததெல்லாம் தங்கை கல்யாணத்துக்கும் வீட்டு மாடிக்கும் போய்விட்டது. யார் வந்தாலும் அதைக் காட்டி, "இது மகாகனி மரம்" என்பான், பெரிய இடத்துச் சம்பந்தியை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

ஷமீமுக்கு அந்தப் பெருமை பிடிபட்டதே இல்லை. அவன் நண்பன் கோபி சொல்வதுதான் அவளுக்கு நியாயமாகப் பட்டது. கம்பி அதிர்கிறது, அடியில் இருக்கிற காந்தம் அதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது, இதில் மரம் எங்கே வந்தது? ஒருமுறை இதை இர்பானிடமே கேட்டுவிட்டாள். தட்டில் போட்ட சோறு ஆறி அவலாகிற வரைக்கும் அவன் மரத்தைப் பற்றியே பேசினான்.

அந்த மகாகனியைத்தான் இப்போது கரையான் தின்றிருந்தது. பெட்டியோடு கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தவள் ஷமீம். மழைக்காலம் முழுக்க எட்டிப் பார்க்காதவளும் அவளே. சொந்த ஊர் கோட்டக்குப்பத்தில் யாரிடமாவது கொடுத்தால் சாயங்காலத்துக்குள் சேதி துபாய் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்துதான் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள்.

மகாகனி கைவசம் இல்லை, நல்லாக் காய்ந்த மலைவேம்பு இருக்கிறது என்றார் சவுரிராயன். மரம் எதுவானாலும் சரி, பார்வைக்கு அச்சு அசலாக இருக்கவேண்டும் என்றாள் ஷமீம்.

பழைய பலகையையே அளவு வைத்து அவர் புதிதாக அறுத்துக் குடைந்தார். பக்கத்துக் கார் பெயின்ட் கடையில் அதே கருஞ்சிவப்பை அடித்துக் கொடுத்தார்கள். கழுத்து, காந்தம், திருகு எல்லாம் பழசு. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தபோது அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இர்பான் வந்தான். ஜும்மா தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தான். ஷமீம் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

கிடாரைத் தூக்கியவன் அப்படியே நிறுத்தினான். "என்னா, லேசா இருக்குது?" என்றான். நல்லவேளையாக அவனே, "அங்க கிடங்குல பெட்டி தூக்கித் தூக்கி, கைக்கு இதெல்லாம் இப்ப வெயிட்டாவே தெரியல" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்த நேரம் பார்த்துக் கோபியும் வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாகப் பழைய சண்டையை ஆரம்பித்தான். சிமென்ட் பலகையில் கம்பி கட்டினாலும் இதே சத்தம்தான் வரும், நீ மகாகனிக்குக் கொடுத்த காசு தண்டம் என்றான்.

இர்பான் ஒயரைச் சொருகி ஒரே ஒரு கம்பியை மீட்டினான். சத்தம் அடங்குகிற வரை கண்ணை மூடிக் கேட்டான். பிறகு வாசிக்க ஆரம்பித்தான். ஊரில் இல்லாத மாதங்களையெல்லாம் சேர்த்து வைத்து வாசித்தான். தெருவில் கூவிக்கொண்டு போன மீன்காரம்மாகூடக் கூடையை இறக்கி வைத்து நின்று கேட்டாள்.

முடித்ததும் கோபியைப் பார்த்து, "வேற எந்த மரத்துலடா இந்த சத்தம் வரும்?" என்றான்.

கோபி தலையைச் சொறிந்தான். மரத்திலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று அரைமனதாக ஒத்துக்கொண்டான். கொடு, நானும் வாசித்துப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினான். இர்பான் கொடுக்கவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான்.

ஷமீமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பைப் பார்க்கப் போகிறவள்போல உள்ளே போய், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு பசித்தது.

கோபி கிளம்பிப் போனதும் டீ கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் குறும்பு எட்டிப் பார்த்தது.

"மரம் மரம்னு சொல்லிக்கினே இருந்தீங்களே மச்சான். இப்ப திருப்தியா?"

"ரொம்ப" என்றான் இர்பான். டீயை ஒரு வாய் உறிஞ்சினான். பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி அவள் பக்கம் சாய்ந்தான்.

"இது என்னா மரம், ஷமீம்?"