மூடியில் எழுதியது

மருந்து விட்ட செல் வளர்ப்புத் தட்டில் குளுட்டமேட் அப்படியே கிடந்தது.

அவள் மறுபடியும் அளந்தாள். அதே கதைதான்.

மூளையில் நரம்புச் செல்கள் பேசிக்கொள்ளக் குளுட்டமேட் வேண்டும். பேச்சு முடிந்ததும் பக்கத்திலிருக்கும் துணைச் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்கு மிஞ்சிய அமுதுதான். நரம்பு கருகும்.

அவள் தம்பிக்குக் கருகிக்கொண்டிருக்கிறது. முதலில் விரல்கள் போயின. இப்போது தோள்.

போன மாதச் சோதனையில், வீக்கத்துக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை ஒன்று அந்தத் துணைச் செல்களை முடுக்கிவிட்டது போலத் தெரிந்தது. திரும்பச் செய்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று மாணவர்களிடம் கத்துகிறவள், அன்று மாலையே தம்பிக்கு அதை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள்.

செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றும் உதவியாளரைக் கூப்பிட்டாள்.

"மெஹர், போன தடவ மீடியம் மாத்தினது நீதானே?"

"ஆமா மேடம். மூடியெல்லாம் கழட்டி ஓரமா வச்சுட்டு மாத்தினேன். ஏன் மேடம்?"

எந்தத் தட்டில் என்ன என்பதைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். மூடியில் எழுதக் கூடாது. ஆய்வகத்தில் சேரும் அன்றே சொல்லித்தருவது.

போன மாதம் அவளுக்கு அவசரம். மூடியில் எழுதியிருந்தாள்.

மூடிகள் மாறிவிட்டன. நன்றாக வேலை செய்தது மருந்தே விடாத தட்டு. மருந்து பட்ட செல்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன.

மெஹர் மேல் என்ன தப்பு. தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வீட்டில் தம்பி நாற்காலியில் காத்திருந்தான்.

"அக்கா, இன்னைக்கு டம்ளர நானே புடிச்சேன்."

முகமெல்லாம் சிரிப்பு. சட்டையெல்லாம் காபி.

அவள் சமையலறைக்குப் போனாள். மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டாள். சத்து மாத்திரை ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதுவும் வெள்ளைதான்.

அவன் வாயைத் திறந்தான். நாக்கில் வைத்தாள்.

அவன் உடனே விழுங்கவில்லை. நாக்கில் புரட்டிப் பார்த்தான். பழைய மாத்திரை என்றால் பட்டதுமே கசக்கும், முகத்தைச் சுளிப்பான்.

அவள் தண்ணீரை நீட்டினாள். குடித்தான்.

பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்த மாத்திர கேக்காதுன்னு என்னைக்குக்கா தெரிஞ்சுது?"